நஸீஹா சாச்சியின் விரிப்பு

சூரியன் என் தோளுக்குப் பின்னால் வரும்படி திரும்பி நின்று தேனீப்பெட்டியின் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தேன். வகுப்பில் சொல்லித்தந்தபடிதான். வெளிச்சம் தேனடை அறைகளின் அடிவரை இறங்க வேண்டும். முட்டை இருந்தால் வெள்ளை நூலின் நுனியைக் கத்தரித்துக் குத்தி வைத்ததுபோல் அடியில் நிற்கும். இல்லை. அடுத்த சட்டத்திலும் இல்லை. புழுக்களும் இல்லை. ஓரச் சட்டங்களில் மகரந்தமும் புதுத் தேனும் இருந்தன. குஞ்சுகள் நிறைந்திருக்க வேண்டிய நடுச்சட்டங்களின் அறைகள் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களைப்போல் சுத்தமாக, காலியாக இருந்தன. என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்து முதல் சட்டத்திலிருந்து மறுபடி பார்த்தேன். என்னைச் சந்தேகிப்பது எனக்கு எப்போதும் சுலபம். ஆனால் தேனீக்களின் சத்தமும் மாறியிருந்தது. வழக்கமான சீரான ரீங்காரம் இல்லை. மின்சாரம் போன கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதோ கேட்பதுபோல் ஓர் இரைச்சல்.

அப்போது நாபுல் ஊர் முழுக்க நாரத்தை மொட்டு விட்டிருந்தது. இன்னும் சில நாட்களில் தோப்புகள் வெள்ளையாகிவிடும். பெட்டியில் ஆள் பலம் வேண்டிய நேரம் இதுதான்.

அன்று மாலை பண்பாட்டு மன்றத்தில் எங்கள் தேனீ வகுப்பு. ஜலேல் சாரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வசந்தத்தில் கூட்டம் பிரிந்து போய்விடாமல் இருக்க வாரம் தவறாமல், புது ராணி வளர்க்கக் கட்டும் ராணி அறைகளைத் தேடி வெட்டச் சொல்லியிருந்தார். தேடினேன், வெட்டினேன். அடுத்த வாரம் மறுபடி கட்டியிருந்தன. அவற்றையும் வெட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

"வெட்டுறதுக்கு முன்னாடி முட்டை இருக்கான்னு பார்த்தியா?"

முட்டையைப் பார்க்கவேயில்லை. ராணி அறைகளைத் தேடும் மும்முரத்தில் ராணி இருக்கிறாளா என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அப்ப பழைய ராணி பாதிக் கூட்டத்தோட முன்னாடியே கிளம்பியிருக்கா. நீ மருந்துக்கடைல வேலைக்குப் போயிருந்த நேரமா இருக்கும். மிச்சம் இருந்ததுங்க புது ராணி வளர்க்கப் பார்த்துச்சு. அதை நீ வெட்டிட்ட. ரெண்டாவது தடவையும் வெட்டிட்ட. இப்ப வளர்க்க முட்டையே இல்ல."

பின்வரிசையில் இருந்த பேருந்து ஓட்டுநர் முன்தர் சும்மா இருப்பாரா. "பிரசவ ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டிட்டு, ஊர்ல ஏன் பிள்ளைச் சத்தமே இல்லன்னு கேட்குது இந்தப் பொண்ணு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முன்தரே எழுந்து வந்து, "என்கிட்ட இருக்கிற ஒரே பெட்டியைப் போன வாரம்தான் ரெண்டாப் பிரிச்சேன், சிஹேம். இல்லன்னா ஒரு முட்டைச் சட்டம் தந்திருப்பேன்," என்றார். மற்றவர்களின் பெட்டிகள் தோப்புகளுக்குப் போய்விட்டன. பூக்காலத்தில் யாரும் பெட்டியைக் கலைக்க மாட்டார்கள். ராணி விற்பவர்களிடமும் பூ முடிந்த பிறகுதான் கிடைக்கும். அதற்குள் என் பெட்டியில் கிழட்டுத் தேனீக்கள்கூட மிஞ்சாது.

வகுப்பின் மூலையில் தேன் பிழியும் எந்திரம் நிற்கிறது. கைப்பிடி சுற்றும் பெரிய தகர உருளை. வகுப்பு முடியும் மாலையில் ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியிலிருந்து தேன்சட்டம் கொண்டுவந்து அதில் சுற்றிப் பிழிய வேண்டும். அதுதான் எங்களுக்குச் சான்றிதழ் மாதிரி. முன்தர் போகும்போதும் வரும்போதும் வெறும் எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். நான் இதுவரை அதைத் தொட்டதில்லை. எனக்கு முறை வரட்டும் என்று இருந்தேன்.

வீட்டில் உம்மா ரொட்டியைப் பிட்டு என் பக்கம் தள்ளினாள். "பிரெஞ்சு கிளாஸ் பாதியில விட்ட. தையல் கிளாஸ் பாதியில விட்ட. பூச்சியாவது கடைசிவரைக்கும் இருக்கும்னு பார்த்தேன். அதுங்களே உன்ன விட்டுட்டுப் போயிருச்சுங்க."

"இன்னும் பாதி இருக்கு உம்மா."

"சரி. அந்தப் பாதியும் போனதும் மொட்டைமாடியைக் காலி பண்ணிக் கொடு. உன் தம்பி புறாக்கூடு வைக்கணுங்கிறான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதையும் முடிக்காதவள் என்பது இந்த வீட்டில் என் கண்ணின் நிறத்தைப்போல் எல்லோருக்கும் பழகிவிட்ட விஷயம்.

இதை நல்ல சேதியாகக் கேட்டு மகிழக்கூடிய ஓர் ஆளாவது இருக்கிறாள் என்று பிறகு தோன்றியது. பக்கத்து வீட்டு நஸீஹா சாச்சி. தையல்காரி. அவள் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் மட்டும்தான். குளிர்காலத்தில் அடைந்து கிடக்கும் தேனீக்கள் வெயில் அடித்ததும் வெளியே பறந்து வயிற்றைக் காலிசெய்யும். அந்த மஞ்சள் சொட்டுகள் சரியாக அவள் துவைத்துப் போட்ட வெள்ளை விரிப்பின்மேல் விழும். "உன் மகாராணி வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் கொடு," என்று சுவருக்கு மேலே விரிப்பை நீட்டிக் காட்டுவாள். சில வாரங்களாக அந்தக் குரலே இல்லை. துணிகளையும் கீழே முற்றத்தில்தான் காயப்போட்டாள். முறைப்பாடு சொல்லிச் சொல்லி வெறுத்துவிட்டாள் போல என்று நினைத்தேன். இனித் தொந்தரவு இருக்காது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

கூடத்துத் தரையில் துணி விரித்து நாரத்தம்பூவைக் கொட்டியிருந்தாள். ஒவ்வொரு வசந்தமும் அவள் பூவைப் போட்டு நறுமணத் தண்ணீர் வடிப்பாள். அவள் சொந்தக்காரர்கள் வீடுகளில் காப்பிக்கும் பலகாரத்துக்கும் வருஷம் முழுக்க அதுதான். வீடு முழுக்க அந்த மணம். நான் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன்.

"முடிஞ்சுபோச்சா?" என்றாள். "அப்ப என் பானைக்குள்ள இருக்கிறது யாரு? உன் மாமியாரா?"

எனக்குப் புரியவில்லை. அவள் முந்திக்கொண்டு படியேறினாள். மாடித் தகரக்கொட்டகையில், அவள் பூத் தண்ணீர் வடிக்கும் செம்புப் பானை இருந்தது. மேலே குவிந்த செம்பு மூடி. ஆவி போகும் குழாயைக் கழற்றி வைத்திருந்ததால் மூடியின் பக்கத்தில் ஒரு துளை. அந்தத் துளை வழியே தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. பின்னங்கால்களில் மகரந்த உருண்டை. குஞ்சு இருக்கும் கூட்டுக்குத்தான் அவ்வளவு சுமந்து வரும். எதிரே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மூழ்காமல் நின்று குடிக்க அதில் கூழாங்கற்கள்.

"ஒரு மத்தியானம் யாரோ காப்பித்தூளை வானத்துல வாரி எறிஞ்ச மாதிரி வந்துச்சுங்க. தொழுகையைக்கூட விட்டுட்டுப் பார்த்தேன். நேரா இதுக்குள்ள போயிருச்சுங்க."

"ஏன் சாச்சி சொல்லல?"

"நீ வந்து கேட்பேன்னு இருந்தேன். வரல. சரி, நான் போட்ட சத்தத்துல பயந்துட்டா, வெட்கப்படறான்னு விட்டுட்டேன். பறக்குற வழியில துணி ஆடினா பதறுதுங்க. அதான் கயிற்றைக் கீழே மாத்திக்கிட்டேன்."

நான் அந்தச் செம்புப் பானையைப் பார்த்தேன். கூடத்தில் பூ வாடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. "அப்ப பூவை எதுல வடிப்பீங்க?"

"மன்னூபியாகிட்ட ஒரு பானை வாங்கிட்டு வந்தேன்."

மன்னூபியா அவள் நாத்தனார். என் அக்காவின் கல்யாணத்தில் இருவரும் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்து விடியும்வரை பேசாமல் இருந்ததை ஊரே பார்த்தது.

"அவங்க வீட்டுக்கா போனீங்க?"

"போனேன். 'உன் பானைக்கு என்ன?'ன்னா. 'குடித்தனக்காரங்க இருக்காங்க'ன்னேன். சிரிச்சுட்டா, கழுதை." நஸீஹா சாச்சி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "பேசிக்கிட்டே நிக்காத. உன் ராணியைக் கூட்டிட்டுப் போ. இல்ல, உனக்கு வேண்டாம்னா சொல்லு, நானே வெச்சுக்கறேன்."

மறுநாள் பொழுது சாயும்போது ஜலேல் சார் சொன்ன ஒழுங்கில் வேலையைத் தொடங்கினேன். நஸீஹா சாச்சி என் தம்பியின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திரைச்சீலையால் மூடியிருந்தாள். கொட்டகைத் தரையில் அவளே அந்த வெள்ளை விரிப்பை விரித்தாள். நான் தடுத்தேன். "ஏற்கெனவே உன் பிள்ளைங்க ரசிச்ச விரிப்புதான்," என்றாள். துளைக்குள் கொஞ்சம் புகை விட்டு மூடியைத் தூக்கினேன். உள்ளே குவிமாடத்திலிருந்து வெளிர்மஞ்சள் அடைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாக அறுத்து வெற்றுச் சட்டத்துக்குள் நிறுத்தினேன். அவள் பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கால் சுற்றி முடிச்சுப் போட்டாள். நான்காவது அடையில், குஞ்சுகளின்மேல் அவசரமில்லாமல் நடந்து போனாள் ராணி. முதுகில் நீலப் புள்ளி. இலையுதிர் காலத்தில் வகுப்பில் அடையாளத்துக்காக நானே வைத்த புள்ளி.

"இவளா?" என்றாள் நஸீஹா சாச்சி தாழ்ந்த குரலில். "இவ்வளவு ஒல்லியா இருக்காளே."

இரண்டு கூட்டத்தையும் உடனே ஒன்றாகக் கொட்டினால் குத்திக்கொண்டு சாகும். என் பெட்டியின் மூடியைத் திறந்து அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, கத்திமுனையால் நாலைந்து கீறல் போட்டு, பானையிலிருந்து வந்தவர்களின் சட்டங்களை அடுக்கிய இன்னொரு பெட்டியை அதன்மேல் வைத்தேன். இரு பக்கமும் தாளைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வருவதற்குள் வாசனை கலந்துவிடும்.

"எந்தப் பக்கத்தை விரிச்ச?"

"விளையாட்டு."

"நல்லது. அதைத் தின்னு யாரும் அறிவாளியாகப் போறதில்ல."

அடுத்த இரண்டு நாள் பழைய நினைப்பில் ஒரு கூட்டம் கொட்டகையையே சுற்றியது. மாலையானதும் பானை இருந்த இடத்தில் பந்தாகக் குவிந்துவிடும். நஸீஹா சாச்சி அவற்றைத் துடைப்பத்தில் ஏற்றி, சுவருக்கு மேலே என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கிப் பெட்டி வாசலில் வைப்பேன். கல்யாணச் சீர் கொடுத்து வாங்குவதுபோல் அதில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி சூரியனுக்கு முதுகு காட்டி நின்றேன். நாரத்தை மணம் மாடிவரை ஏறி வந்தது. பக்கத்து மாடியில் இரண்டு செம்புப் பானைகள் அடுப்பில் இருந்தன. ஒன்றின் அருகே முக்காலியில் மன்னூபியா, யாரையும் பார்க்காமல், குழாயின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நஸீஹா சாச்சியின் கயிறு மாடிக்குத் திரும்பியிருந்தது.

கீழ்ப்பெட்டியின் ஓரச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. நடுவிலிருந்து ஒன்றைத் தூக்கினேன். பானையிலிருந்து வந்த அடை அல்ல அது, என் பழைய நடுச்சட்டம். துடைத்து வைத்த அந்த அறைகளின் அடியில், ஒவ்வொன்றிலும் ஒன்று, நூல்நுனிகள் நின்றன. சந்தேகம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். சட்டத்தைச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

நஸீஹா சாச்சி பார்க்கவில்லை. ஈர விரிப்பை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி வாசலிலிருந்து ஒரு தேனீ செய்தித்தாள் துணுக்கைக் கவ்விக்கொண்டு தள்ளாடிப் பறந்தது. சுமக்க முடியாமல் விரிப்புக்கு நேர் மேலே விட்டது. அரை எழுத்து மட்டும் இருந்த துணுக்கு வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது. அதன் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் சொட்டு. அவள் குனிந்து இரண்டையும் பார்த்தாள். பிறகு விரிப்பின் ஓரத்தை இழுத்து, இன்னும் கொஞ்சம் வெயிலில் விரித்துவிட்டாள்.