டீக்கு முன் பார்த்த ஸ்லைடு

...இல்லை, குமிழி இல்லை, குமிழிக்கு இவ்வளவு மெல்லிய ஓடு கிடையாது, உள்ளே நான்கு செல்கள்கூடத் தெரிகின்றன, கொக்கிப்புழு முட்டையேதான், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே பயமாக இருக்கிறது, எடுத்தால் மறைந்துவிடுமோ... மறையத்தான் செய்யும், விஷயமே அதுதானே! காலையில் மல மாதிரிகளை ஸ்லைடில் தடவி, கிளிசரினில் நனைத்த தாளால் மூடி, ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவோம், வந்துதான் பார்ப்போம், இந்த ஆய்வகத்தின் வழக்கம் அது. மற்றப் புழுக்களின் முட்டைகள் பொறுமையாகக் காத்திருக்கும், இது காத்திருக்காது, கிளிசரினில் ஊறிக் காணாமல் போகும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். இன்று நான் டீக்குப் போகவில்லை. இந்த மலையில் கொக்கிப்புழு என்று யாருக்குத் தோன்றியிருக்கும், உறைபனி வந்து, மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடம்பில் ஏறும் புழுக்குஞ்சுகளைக் கொன்றுவிடும் என்றுதானே இருந்தோம்... சில வருடங்களாக உறைபனியே இறங்கவில்லையே? நேற்று நான் சந்தேகத்தைச் சொன்னதும் தலைமை மேடம் கேட்டார், "நம்ம ஊர்க் குளிர்ல கொக்கிப்புழுவாம்மா? அதுக்கு ஸ்வெட்டர் யாரு போட்டுவிட்டது?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் இது என் அக்காவின் ஸ்லைடு. வெறுங்காலோடு தோட்டத்தில் களையெடுக்கும் அக்கா, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும் அக்கா, உதடு வெளுத்த அக்கா, மாமியார் வாயில் எப்போதும் சோம்பேறி...

"மேடம்!" என் குரலா இது? கையில் டீயோடு வருகிறார், குனிகிறார், ரொம்ப நேரம் நிமிரவில்லை. "அடிப்பாவி," டீ என் கைக்கு வந்துவிட்டது, "ஸ்வெட்டர் இல்லாமலே ஜம்முனு இருக்குதே!" பிறகு கதவைப் பார்த்து, "டீயை வெச்சிட்டு எல்லாரும் வாங்க, எல்லா ஸ்லைடும் இப்பவே பார்க்கணும்!" குடிக்காத டீகூட இவ்வளவு இனிக்குமா...

அக்காவுக்குப் போன் போடுகிறேன். "வயித்துல புழு அக்கா, அதுதான் ரத்தத்தை உறிஞ்சுது, நீ சோம்பேறி இல்ல." "புழு இருக்குன்னு இவ்வளவு சந்தோஷமா சொல்ற ஒரே ஆளு நீதான்டி," என்கிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், "ஸ்பீக்கர்ல போடுறேன், அத்தைகிட்டயும் சொல்லு." அவள் மாமியாரிடமா, கல்யாணத்திலிருந்து அவரிடம் நான் தலையை மட்டும்தானே ஆட்டியிருக்கிறேன்... சொல்கிறேன், திக்காமல், முழுசாக, பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டி நிற்கும் நான். "மாத்திரை போட்டா சரியாயிடும்ல?" அத்தையின் குரல் இவ்வளவு சின்னதா? "சரியாயிடும் அத்தை." "மண்ணுல இருக்கிறது இந்தக் குளிருக்குச் செத்துடும்ல?" ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிப் பார்க்கிறேன்... உறைபனி மாதத்தில் இது சில்லென்று இருக்க வேண்டாமா?