செம்பு இல்லை

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் கிடங்கில், வாசல் அலுவலகத்துக்கும் பின்பக்கக் குடோனுக்கும் நடுவே வெறும் பொட்டல். அதற்கடியில் புதைத்த நெட்வொர்க் கேபிளை இரண்டு முறை தோண்டி உருவிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே ஓடும் செம்புக் கம்பிக்குப் பழைய இரும்புக் கடையில் அவ்வளவு மவுசு.

மூன்றாம் முறை, செம்பே இல்லாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபரைப் போடலாம் என்றாள் மதிவதனி. சென்னீர்குப்பத்தில் கேபிள் வேலை எடுத்துச் செய்யும் டில்லிபாபுவிடம் அவள் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. அவருக்கு மனமே இல்லை. செம்பு அறுந்தால் நாமே முனை மாட்டிவிடலாம், ஃபைபர் அறுந்தால் மெஷினோடு வெளி ஆளைக் கூப்பிட வேண்டும் என்று இழுத்தார்.

"கண்ணாடியப் போய் மண்ணுல பொதைக்கச் சொல்றே. இதுவும் பூட்ச்சுனா, குடோன் மேனேஜர் சுதா மேடம் வேற ஆளப் பாத்துக்கும். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

"கண்ணாடியத் திருடி என்னணா பண்ணுவாங்க?"

"கண்ணாடின்னு அவனுக்கு யாரு சொல்றது?"

அதுதான் அவளை உறுத்தியது. ஃபைபரைப் புதைத்த கையோடு, குழி போன வழி நெடுக 'இங்கே செம்பு இல்லை' என்று தகரப் பலகைகளை நட்டுவைத்தாள். அதில் ஒன்று குடிதண்ணீர்க் குழாயை ஒட்டி அமைந்தது. அதைப் பார்த்து லாரிக்காரர்கள் வாட்ச்மேன் துலுக்கானத்தைக் கிண்டல் செய்வதாக யாரோ சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் டில்லிபாபு போன் செய்தார். மறுபடியும் தோண்டியிருக்கிறார்கள், உடனே வா என்றார். பூந்தமல்லியில் பஸ் ஏறியவள், வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையே வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

குழி திறந்து கிடந்தது. அதன் ஓரம் டில்லிபாபு குந்தியிருந்தார். கேபிள் அங்கேயேதான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கறுப்பு உறையைக் கீறி, உள்ளே கண்ணாடி இழைக்குக் காவலாகச் சுற்றிய இரும்புத் தகடு தெரிந்ததும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். மதிவதனி குடோனுக்குள் ஓடினாள். சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது; இணைப்பு அறுபடவில்லை. பக்கத்தில் சுதா மேடம், எதுவும் நடக்காததுபோல் பில் அடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால், துலுக்கானம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கேபிளுக்கு ஒண்ணும் ஆகலணா," என்றாள்.

"அது கீதும்மா. என் செம்புதான் பூட்ச்சு."

"ஏது செம்பு?"

"நீதானே கொயாயாண்ட போர்டு வெச்சே, செம்பு இல்லைன்னு. தண்ணி குடிக்க ஒரு செம்புக்குக்கூட வக்கில்லையான்னு டைவருங்க கலாய்ச்சுகினே இருந்தானுங்க. அதான் ஊட்லேந்து எடுத்தாந்து சங்கிலில கட்டி வெச்சேன். அசல் செம்பு. சங்கிலியோட பூட்டானுங்க."

டில்லிபாபுவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "போர்டு இப்பதான் கரெக்டா கீது," என்றார். பிறகு குழியை மூட மண்வெட்டியைத் தானே எடுத்தார். குத்தம்பாக்கத்தில் அடுத்த வேலைக்கும் ஃபைபரே சொல்லிவிடு என்று குனிந்தபடியே சொன்னார்.

மதிவதனி துலுக்கானத்திடம், சாயங்காலமே புதுச் செம்பு வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

அவர் பலகையை ஒரு தரம் பார்த்தார்.

"வேணாம்மா. பிளாஸ்டிக் மக்கு ஒண்ணு வாங்கியா, போதும்."