நான்கு மணி நேரத்துக்குள்

தென்னாப்பிரிக்காவில் ஒரு கோழிக்கறி ஆலையில் போங்கெகிலேவுக்குத் தொடையை மூட்டில் பிரிக்கும் வேலை. இடது கட்டைவிரலில் கத்தி பட்டு மூன்று வாரமாகியும் காயம் ஆறவில்லை. கையுறைக்குள் சீழ் கசிந்தது. சூப்பர்வைசர் ஸோண்டி பின்னால் வந்து நின்றான்.

"மாசாமாசம் ஒரு வியாழக்கிழமை லீவு. எங்க போற நீ?"

"கிளினிக்குக்கு. லெட்டர் குடுத்தேனே."

"படிச்சேன்." வரிசை முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினான். "எச்.ஐ.வி. ஆராய்ச்சின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இந்தக் கையாலதான் ஊருக்கே கறி வெட்டறியா?"

"ஆறு வருஷமா மாத்திரை போடறேன். டெஸ்ட்ல வைரஸே தெரியல. யாருக்கும் ஒட்டாது."

"அப்ப விரல் ஏன் அழுகுது?"

பக்கத்தில் நின்றவள் தன் கத்தியை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டாள். காயத்தை மறைத்தாள் என்று எழுதி, மதியமே போங்கெகிலேவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை கிளினிக்கில் நர்ஸ் நோசிஃபோ எட்டுக் குழாய் ரத்தம் எடுத்தாள். விரல் ஏன் அழுகுது என்று ஸோண்டி கேட்டதையே போங்கெகிலே அவளிடம் கேட்டாள்.

"அதைத்தான் நாங்களும் தேடறோம்" என்றாள் நர்ஸ். "காயம் பட்டா முதல்ல ஓடி வர்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்துல இருக்கு. இந்தக் கிருமி அதுங்களையும் கெடுத்துடுது. மாத்திரையில கிருமி அடங்கினாலும் சிலருக்கு அதுங்க அடங்கறதில்ல. சும்மாவே கொதிச்சுக் கொதிச்சு ஓஞ்சு போயிடும். நிஜமா வேலை வர்றப்ப எழும்பாது. விரலுக்கு மருந்து தர்றேன். அந்த அணுக்களைச் சரி பண்ண இன்னும் மருந்து இல்ல."

"உங்க லெட்டராலதான் சிஸ்டர் என் வேலை போச்சு. ஒட்டாதுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

"வெளியாள்கிட்ட உங்களைப் பத்திப் பேசக் கூடாது. ரகசியம்."

போங்கெகிலே அவளை ஒரு கணம் முறைத்துவிட்டு, ஊசி குத்திய இடத்தில் அழுத்தியிருந்த பஞ்சைக் குப்பையில் எறிந்து வெளியே வந்தாள். நல்ல மழை. ஆய்வகத்து டிரைவர் அவள் ரத்தம் இருந்த குழாய்ப் பெட்டியோடு காருக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"டர்பன் லேபுக்குத்தானே? பஸ் நிக்கிற இடத்துல இறக்கி விடுங்க."

"ஆள் ஏத்தக் கூடாதுக்கா. நாலு மணி நேரத்துக்குள்ள இது போய்ச் சேரணும். இல்லன்னா அணு செத்துடும்."

பெட்டியின் மேல் விழுந்த துளிகளைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். அதை முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான். அவள் முகத்துக்கு நேரே கார்க் கண்ணாடி மேலே ஏறியது.