அடிக்குரல்காரர்கள் மிதந்த ஞாயிறு

ஓனேவா தீவில் அந்த வருஷத்துப் புதுச் சளிக்காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்தார்கள். முதலில் மிதந்தது தேவாலயப் பாடகர் குழுவின் அடிக்குரல் வரிசை. பாட்டின் நடுவில், தீவு வழக்கப்படி இடுப்பில் கட்டிய கோரைப் பாய்களோடு அத்தனை தடியன்களும் மெல்ல எழும்பினார்கள். சுருதி மட்டும் பிசகவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அருள் இறங்கிவிட்டதென்று முண்டியடித்துப் போய் அவர்களைக் கட்டிப்பிடித்தது. நாலைந்து நாளில் பாதித் தீவு மிதந்தது.

நர்ஸ் மெலெசெய்னி மட்டும் பஞ்சுக்குச்சியும் கையுமாக ஒவ்வொரு மூக்காகத் தேடிப் போனாள்.

"ஏம்மா நர்சம்மா, ஆண்டவர் தூக்குறாரு, நீ மூக்குல குச்சிய விடுறியே!" என்றார் போதகர், தானும் மிதந்தபடி.

"ஆண்டவர் தூக்கினா உடம்பு இப்படியா கொதிக்கும், போதகரே? தலைய அண்ணாந்து காட்டுங்க."

சளியை ஐஸ் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். சனிக்கிழமைக் கப்பலில் அனுப்பினால் மெல்போர்ன் ஆய்வகத்தில் இது என்ன புதுசு என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதே கப்பலில்தான், ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போன அவள் புருஷன் பௌலியாசி இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தான். தொற்று இருக்கிறதென்று மஞ்சள் கொடி ஏற்றினால் கப்பல் கரையைத் தொடாது; மற்றத் தீவுகள் தப்பிக்கும். ஏற்றாவிட்டால் அன்றைக்கே புருஷன் முகத்தைப் பார்க்கலாம். பாவி மனசு அவளைப் படாத பாடு படுத்தியது. சனிக்கிழமை காலை அழுதுகொண்டேதான் ஏற்றினாள்.

கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நின்றது. ஆளில்லாத தோணியில் பெட்டியை வைத்துத் தள்ளிவிட்டாள்; நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொக்கி போட்டு அதை இழுத்தவன் பௌலியாசிதான் என்று, கப்பல் தட்டில் அவன் நடந்த நடையை வைத்துக் கண்டுகொண்டாள். முகம் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கும் உடம்பு சுட்டது, கால் மணலை விட்டது. ஒரு சாணோடு நிற்கவில்லை. தென்னைமரங்களைத் தாண்டி எழும்பினாள். அங்கிருந்து அவன் முகம் தெரிந்தது.

"அடியே, எதையாவது பிடிச்சுக்கடி!" என்று கப்பலிலிருந்து அலறினான்.

"நீ முதல்ல அந்தத் தாடிய எடுய்யா! கண்றாவியா இருக்கு!"

பெட்டி மெல்போர்னுக்குப் போனது. அந்தப் புதுக் கிருமிக்கு ஆய்வகம் ஓனேவாவின் பெயரையே வைத்தது. அடுத்த வருஷத் தடுப்பூசியிலும் அதைச் சேர்த்தார்கள். மற்றத் தீவுகளில் ஒரு கால்கூடத் தரையை விடவில்லை. கொடி இறங்கும்வரை பௌலியாசி சனிக்கிழமைதோறும் அதே கப்பலில், தாடியை மழித்துக்கொண்டு, பாறைவரை வந்து போனான். அவளும் நர்ஸ் வேலையை முடித்துவிட்டுச் சனிக்கிழமைதோறும் எழும்பினாள், காய்ச்சல் விட்ட பிறகும். காய்ச்சல் இல்லாமல் அது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.