நேரத்துக்கு முந்தின வெடி

செய்னுலாப்தீனின் கை சும்மா இருக்காது. பாலாவிச் சந்தியில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிற மனுஷனுக்குக் காற்றுக்கு என்ன பஞ்சம்? அந்தக் காற்றை வைத்துத்தான் அவர் விளையாடுவார். காலால் மிதித்தால் தானாகத் திறக்கிற குசினிக் கதவு ஒன்று செய்தார். திறந்தது, பிறகு மூடமாட்டேன் என்றது. முருங்கைக்காய் பறிக்கக் காற்றுக் கத்தரி ஒன்று செய்தார்; அது காயை விட்டுவிட்டுக் கொப்பை நறுக்கியது. மனைவி ஸுல்பிகா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அந்த வால்வு வருகிறவரைக்கும்தான் அந்தப் பொறுமையும்.

வால்வு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எங்கேயோ ஒரு ஆலையில் தூசி பிடிக்கிற பைகளை உதறப் பூட்டியிருந்த சாமான். பார்த்தால் மூடி போட்ட அலுமினியச் சட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு றப்பர்த் தட்டு. தட்டுக்குப் பின்னால் காற்று இருக்கிறவரை அது வாயை இறுக்கி அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டால் போதும், தட்டு துள்ளி விலக, பின்னால் பூட்டின தாங்கியில் அடைபட்ட காற்றெல்லாம் ஒரே மூச்சில் பாயும். செய்னுலாப்தீன் றப்பரை மாற்றினார். லொறியில் கழற்றிய காற்றுத் தாங்கியில் வால்வைப் பூட்டி, முன்னால் நீளமாக ஒரு குழாயைச் செருகினார். கற்பிட்டியில் கருவாடு காயப்போடுகிற சிநேகிதன் றொபிக்குக் காகம் கலைக்கிற வெடி தயார். மருந்தும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், வெறும் காற்று.

அது யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் வந்த நோன்பு மாதம். அந்தத் தெருவில் இருந்ததெல்லாம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த சனம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஓர் அறிவித்தல் சொன்னார்கள். சண்டைக் காலத்தில் நிறுத்தின நோன்பு திறக்கிற வெடியை இந்த வருஷம் திரும்பவும் போடப்போகிறோம், பொலிஸில் அனுமதி கேட்டிருக்கிறோம், கிடைத்த அன்றைக்கே போடுவோம் என்றார்கள். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது, செய்னுலாப்தீனைத் தவிர. அவரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்தான். ஆனால் மண்டைக்குள் றப்பர்த் தட்டு துள்ளிக்கொண்டிருக்கும்போது அறிவித்தல் எங்கே ஏறப்போகிறது!

அடுத்த நாள் பின்னேரம் வானம் மூடிக் கறுத்துக் கிடந்தது. வீடுகளில் பாய் விரித்துக் கஞ்சிக் கோப்பை வைத்தாயிற்று. தட்டு ஒழுங்காகத் துள்ளுகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போவோமே என்று மனுஷன் கடைக்குப் பின்னால் போய், தட்டுக்குப் பின்னால் இருக்கிற காற்றை விடுகிற சின்னத் திருகைத் திறந்தார்.

வெடியென்றால் வெடி. கூரைத் தகரம் அதிர்ந்தது. வேலியில் இருந்த காகமெல்லாம் கடலோரக் களப்புப் பக்கம் பறந்தன. தலைகால் தெரியாத சந்தோஷத்தோடு தெருவுக்கு ஓடி வந்து பார்த்தால், வீட்டுக்கு வீடு கஞ்சி குடிக்கிறார்கள். எதிர்வீட்டு உம்மு குல்தூம் ராத்தா வாய்க்குள் ஈத்தம்பழத்தை ஒதுக்கிக்கொண்டு, பொலிஸ் அனுமதி கிடைத்துவிட்டது போலிருக்கு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். செய்னுலாப்தீன் பள்ளிப் பக்கம் காதை வைத்தார், பாங்கு இன்னும் சொல்லவில்லை. கோப்பைகள் காலியான பிறகுதான் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டது.

நேரத்துக்கு முதல் திறந்த நோன்பு நோன்பில்லை. பெருநாளைக்குப் பிறகு அதைத் திரும்பப் பிடித்து அடைக்க வேண்டும், அதற்குப் பேர் களா. தெருவுக்கே களா வைத்த மனுஷன் என்று அவருக்குப் பேராகிவிட்டது. இதில் பெரிய கொடுமை, அன்றைக்குத் தெருவில் நோன்பு முறியாமல் கூடியது அவருக்கு மட்டும்தான். ஸுல்பிகாவுக்கும் களாதான். இந்த முஸீபத் பிடித்த சாமானைப் பெருநாள் முடிந்த கையோடு றொபியிடம் கொடுத்துத் தொலையுங்கள் என்று அவள் சொல்ல, இவர் தலையை ஆட்டினார். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் தெருவில் பதில் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு கதை கிடையாது. உம்மு குல்தூம் ராத்தா முகத்தையே திருப்பிக்கொண்டார். அகதி முகாமில் வெறும் தண்ணீரைக் குடித்து நோன்பு பிடித்த மனுஷி அவர், கோபம் வராமல் இருக்குமா? செய்னுலாப்தீன் உள்ளுக்குள் உடைந்துபோனார். ஊரை விட்டு வந்தவருக்கு இந்தத் தெருதான் சொந்தம். இதுவும் போனால் அவர் யாரிடம் போவார்?

பொலிஸ் அனுமதி அந்த வருஷம் வரவேயில்லை. பெருநாள் முடிந்து, தெருவில் எல்லோரும் ஒரே நாளில் களாவை அடைப்பதென்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் றொபியும் மீன் லொறியோடு வந்தான். இரண்டு பேருமாக வெடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருக்க, உம்மு குல்தூம் ராத்தா தெருவைத் தாண்டிக் கடைக்கு வந்தார்.

"உனக்குக் களா இல்லையே தம்பி. நீயும் நோன்பாம், ஸுல்பிகா சொன்னா. ஏன்?"

"தெருவே பிடிக்குது ராத்தா. நான் மட்டும் எப்படித் தின்னுற?"

ராத்தா குனிந்து சாக்கின் மேல் கை வைத்தார்.

"வெடிச்சத்தம் கேட்டா நான் புள்ளைகள இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழ ஓடுற மனிசி. கலியாண வீட்டுப் பட்டாசுக்கும் ஓடுவன். அண்டைக்கு நான் ஓடல்ல தம்பி. கை ஈத்தம்பழத்துக்குப் போச்சு. கோபத்தில அதை யோசிக்கல்ல, இண்டைக்கு விடியமுந்தி ஸஹருக்கு எழும்பினப்பதான் விளங்கிச்சு."

செய்னுலாப்தீன் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இண்டைக்கும் போடு," என்றார் ராத்தா. "ஆனா, பாங்கு சொன்ன பிறகு."

றொபி சாக்கை அவிழ்த்தான். வீட்டுக்கு வீடு கதை பரவியது. சூரியன் களப்பில் இறங்க, சனம் ஆளுக்கொரு ஈத்தம்பழத்தோடு வாசலுக்கு வந்து நின்றது. பள்ளியில் பாங்கு தொடங்கியது. ஒருவரும் பழத்தை வாயில் வைக்கவில்லை, டயர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்னுலாப்தீன் பிஸ்மி சொல்லித் திருகைத் திறந்தார்.

கூரைத் தகரம் அதிர்ந்தது. காகங்கள் பறந்தன. தெருவில் யாரும் ஓடவில்லை. எல்லோருடைய கையும் வாய்க்குத்தான் போனது.