பாப்பா கேட்காத அழுகை

1

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் இடைவேளையில், காபி ஆறிக்கொண்டிருந்தபோது, காதால் வாங்கியது. வயதானதில் கண் மங்கிவிட்டது. காது மட்டும் இன்னும் வம்புக்கு அலைகிறது. பிறமொழிப் படங்களுக்கு வசனம் எழுதியே காலம் தள்ளியவள் நான். யாருடைய துயரமும் எனக்குப் பேச்சாகத்தான் வந்து சேரும். வர்ணனை வராது. முயன்று பார்த்தேன்:

அறுவை அரங்கின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே அவள்…

(அடித்துவிட்டேன். விளக்கு வெள்ளையா மஞ்சளா என்று அவளுக்கே தெரியாது. மயக்கத்தில் இருந்தாள்.)

2

அவள் பின்னணிக் குரல் கொடுப்பவள். கைக்குழந்தை அழுகைக்குப் பேர்போனவள். திரையில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அழுவது இவள்தான். அதனால் கூடத்தில் அவளுக்குப் பெயரே பாப்பா.

அந்தப் பாப்பாவுக்குப் பிரசவத்தில் திடீரென்று ரத்தம் கொட்டியது. வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு இறங்கியது. முழு மயக்கம் கொடுத்து, அவசர அவசரமாக அறுத்து எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள்.

"படத்துல பொறந்த குழந்தைக்கெல்லாம் நான் அழுதிருக்கேன், ரைட்டரம்மா. என் பொண்ணு அழுததை மட்டும் நான் கேக்கல."

"இப்பதான் வீட்டையே ரெண்டாக்குறாளாமே?"

"அது ரெண்டாவது அழுகையிலேர்ந்து. முதல் அழுகை?"

"யாரையாவது கேட்டியா?"

"கேட்டா, 'தாயும் பிள்ளையும் பொழச்சு வந்தீங்களே, அது போதாதா'ங்கிறாங்க. போதும்தான். ஆனா தூக்கும்போதெல்லாம் யாரோ வச்சிட்டுப் போன குழந்தை மாதிரியே இருக்கு. அந்த நேரம் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா, ஒருவேளை ஒட்டுமோ என்னமோ."

(இந்த இடத்தில் அவளை அழவைத்திருக்கலாம். அவள் அழவில்லை. துப்புத் துலக்க வந்தவள்போல பிஸ்கட்டை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

3

சாட்சி ஒருவன் உண்டு: அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். குழந்தையைப் பக்கத்து அறை மேசைக்குக் கொண்டுவந்தபோது, பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றவன். அவனிடம் கேட்டிருக்கிறாள்.

"அழுதா. நல்லா சத்தமா அழுதா."

"எப்படி?"

"முதல்ல விக்கல் மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம் ஏறி ஏறி வந்து, கடைசியில ஒரு நடுக்கத்தோட அடங்குச்சு."

"டேய்! அது நான் அழுற அழுகைடா!"

இழுப்பு, ஏற்றம், நடுக்கம். அவள் மைக்குக்கென்று சமைத்து வைத்திருந்தது. வீட்டில் அவள் பழகிப் பழகி அவனுக்கும் மனப்பாடம். பொய் சொல்ல வேறொரு அழுகை தெரியவில்லை, பாவம்.

4

இந்தக் கணவன்மேல் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவனை அழுத்தக்காரனாக எழுதினேன், பொருந்தவில்லை. அடுத்ததில் பக்கம் பக்கமாக மனம் திறக்கவைத்தேன். ஆண்கள் அவ்வளவு நீளமாகப் பேசுவதை நான் டப்பிங்கில் மட்டுமே கேட்டிருக்கிறேன். கிழித்தாயிற்று.

5

பாப்பா சொன்னபடியே எழுதுகிறேன். அவன் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"அழவே இல்லையா அவ?"

தண்ணீர் ஓடும் சத்தம்.

"சொல்லுப்பா. எனக்குக் கோபமில்ல. தெரியணும், அவ்வளவுதான்."

"அழல. நீலமா இருந்தா. நர்ஸ் முதுகைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. யாரும் பேசல. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அப்புறம்?"

"தும்மினா."

"என்னது?"

"தும்மினாம்மா. குட்டியா ஒரு தும்மல். அந்த நர்ஸ் 'நூறாயுசு'ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அழுகையெல்லாம்."

பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். போய்க் குழந்தையைத் தூக்கி, "அடி தும்மல்காரி, இது நான் பண்ணினதே இல்லையேடி" என்றாளாம். அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பி:

"அவ தும்முற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

6

அவன் திரும்பவில்லை. எங்கள் தொழிலில் இது வரப்பிரசாதம்: ஆள் முதுகைக் காட்டி நின்றால் உதட்டசைவு பார்க்க வேண்டாம், எந்த வசனத்தையும் வைக்கலாம். நானும் ஒன்று மாற்றி ஒன்றாக மூன்று வைத்துப் பார்த்தேன்.

"உன் பேரைச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"உங்கிட்ட ஓடுறதா, அவகிட்ட நிக்கிறதான்னு…"

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்லல."

பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"அப்ப என்னதான் சொன்னான்?"

"சொன்னான். நல்லா வாய்விட்டுச் சொன்னான். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம், அவளை நடுவுல வச்சுக்கிட்டு. அது மைக்குக்கு ஆகாத அழுகை."

"அந்த ஒரு வரியைக் குடுடி. கதை முடிஞ்சிடும்."

"மாட்டேன், ரைட்டரம்மா. இப்பதான் நானே, அவ பொறந்த அந்த ரூமுக்குள்ள போயிருக்கேன். அதுக்குள்ள கூட்டம் கூட்டாதீங்க."

ஆகவே, அவன் இன்னும் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறான். அவன் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தோன்றினால், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். என் காதில் விழுந்தால் எழுதிவிடுவேன்.