எதிர்க்கடையில் ஒரு கடி

...இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருக்க வேண்டாம், கழற்றிவிட்டால் யாருக்கும் தன்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம், இப்போது அவளுக்குத்தான் யார் முகமும் தெரியவில்லை, எதிர்ச்சாரியில் இருக்கும் தங்கள் டோனட் கடைப் பலகைகூட வெறும் ரோஜா நிறக் கறையாகத் தெரிகிறது... அங்கே அவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார், இங்கே அவர் பெண்டாட்டி புது டோனட் கடை வரிசையில். போன வருஷம் இந்தக் கூட்டம் நம் வாசலில்தானே நின்றது, அதற்கு முந்தி தெருமுனையில் சுருள் சுருளாகச் சுரண்டித் தரும் ஐஸ்கிரீமுக்கு, அதற்கும் முந்தி ஜவ்வரிசி உருண்டை மிதக்கிற டீக்கு... அந்தக் கடைக்காரர்கள் எல்லாம் இப்போது என்ன செய்கிறார்கள்? வரிசை அப்படியேதான் இருக்கிறது, கடைதான் மாறுகிறது. இது தெரிந்துமா மனுஷர் பள்ளிக்கூட வேலையை உதறினார்? வட்டத்துக்குப் பரப்பளவு சொல்லிக்கொடுத்த வாத்தியார் வட்டத்து ஓட்டைக்குள்ளேயே விழுந்துட்டார் என்று தங்கை சிரித்தாள், இவளும் கூடச் சிரித்தாள், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது தங்கைக்குத் தெரியாது.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. "அவங்களோடது நம்மளத விட நல்லாருந்தா சொல்லிடு, கடைய மூடிடறேன்," என்றார் காலையில், மாவு படிந்த கையோடு. "என் நாக்கு மரத்துப்போச்சு. உன் நாக்கத்தான் நம்பறேன்." மரத்துப்போகாமல் என்ன செய்யும்? சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இனிப்புப் பக்கமே போகாதீங்க என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார், இவரானால் ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றைக் கடித்துப் பார்க்கிறார், ருசி பாக்காம எப்படி விக்கறது என்கிறார், கால் விரலில் வந்த புண் ஆறவேயில்லை, அதற்காக அகலச் செருப்பு வாங்கி, பார், ராஜா மாதிரி நடக்கிறேன் என்று ஒரு சிரிப்பு வேறு... அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது, யாரை ஏமாற்ற அந்தச் சிரிப்பு?

பெட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, நின்றபடியே கடித்தாள். எண்ணெய் கசிந்தது, மேலண்ணத்தில் மெழுகு மாதிரி அப்பிக்கொண்டது, உள்ளே மாவு வேகக்கூட இல்லை. இதுவா? இதற்கா இத்தனை பேர்? நம்முடையதன் கால்தூசி பெறாதே... சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் ஏமாற்றமாக இருக்கிறது, வரிசையில் நின்ற நேரமெல்லாம் இது நன்றாக இருக்கட்டும், இருக்கட்டும் என்றா வேண்டிக்கொண்டிருந்தாள்? கைப்பையில் போன் அதிர்ந்தது.

"சாப்ட்டியா? எப்படியிருக்கு?"

"நல்லாருக்குங்க."

"நல்லான்னா?"

"நம்மளத விட."

அந்தப் பக்கம் எண்ணெய் சளசளத்தது. நீளமாக ஒரு மூச்சு. "சரி, அடுப்ப அணைச்சிடறேன்," என்றார், வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை... அது என்ன மூச்சு, இடிந்து உட்கார்ந்தவரின் மூச்சா, சுமையை இறக்கி வைத்தவரின் மூச்சா, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அது பிடிபடவில்லையே, இதைச் சொல்லட்டும் என்றுதான் அனுப்பினாரா, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்று யாரோ தோளை உரசிக்கொண்டு போனார்கள், அவள் தள்ளி நின்றாள், வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை... நெஜமாவா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவர் கேட்கவேயில்லை.